டிஸ்ட்ரிபியூட்டரைக் கிறுக்கிய கதை

எங்கள் ஊர்ப் பேச்சில் 'கிறுக்குவது' என்றால் திருப்புவது. "சைக்கிளக் கிறுக்கு" என்றால் சைக்கிளைத் திருப்பு என்று அர்த்தம். கொப்பியில் கண்டபடி எழுதுவதற்கும் அதே சொல்தான். இந்தக் கதையில் நான் இரண்டையும் செய்திருக்கிறேன். முதலாவதைச் செய்ததால்தான் இரண்டாவதைச் செய்ய வேண்டி வந்தது.

2022 செப்டெம்பர். வாப்பாவைக் கண்டியில் ஓர் இருதய டொக்டரிடம் காட்டுவதற்காக, சுபஹுத் தொழுதுவிட்டுக் கல்முனையிலிருந்து வெளிக்கிட்டோம். ஸ்டியரிங்கில் நான், பக்கத்தில் வாப்பா, பின்சீட்டில் உம்மாவும் ராத்தாவும். கியூஆர் காலம் அது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் பெற்றோல். இரண்டு கிழமைப் பங்கைத் தொடாமல் வைத்து டாங்கியை நிரப்பியிருந்தோம். அம்பாறை, உகன, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை என்று ஒரு குறையுமில்லாமல் வந்துவிட்டோம். ஹசலக்கயைத் தாண்டினால் பதினெட்டு வளைவு. கிழக்கிலிருந்து கண்டிக்குப் போன எவருக்கும் அந்த ஏற்றத்தைச் சொல்லித் தரத் தேவையில்லை.

மூன்றாவது வளைவில் சத்தம் தொடங்கியது. பேணிக்குள் நாலு கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். அக்சிலேட்டரை மிதித்தால் கூடும், விட்டால் அடங்கும். அதுவரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்த வாப்பா கண்ணைத் திறந்தார்.

"மகன், டிஸ்ட்ரிபியூட்டரக் கிறுக்கினியா?"

"இல்ல வாப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் வெப்ப முள் சிவப்புக்குப் போனது. பத்தாவதில் பொனட்டின் இடுக்கால் ஆவி வந்தது. காரை ஓரங்கட்டினேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஹெட் கெஸ்கட் போய், தண்ணீரும் ஒயிலும் ஒன்றாகிவிட்டன என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அரை மணித்தியாலம் கழித்து வந்த ஒரு பஸ்ஸை மறித்து மூன்று பேரையும் ஏற்றினேன். உள்ளே சனம் அடைத்துக்கொண்டு நின்றது. இருதய வருத்தக்காரர், படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுகளில் ஆடி ஆடிப் போனார். பஸ் மேலே ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல காலம், டொக்டரைக் காண முடிந்தது, அன்று வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருந்தால் என்ற கேள்வி இன்றைக்கும் சில இரவுகளில் என்னை எழுப்பிவிடுகிறது.

*

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1988ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. நாலு கதவு. பார்த்தால் பாடசாலை அதிபர் ஓட்டுகிற கார் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஏ.ஈ.92 என்ற இலக்கத்தோடு வந்த 'ஜீ.டி.' வகை அது. பொனட்டைத் திறந்தால் இரண்டு நீளமான டெப்பட் கவர்களும், நடுவே பள்ளத்தாக்கு மாதிரி ஒரு இடைவெளியில் நாலு ப்ளக் வயர்களும் தெரியும். அதுதான் 4ஏ-ஜீஈ எஞ்ஜின்.

அந்தப் பெயரை உடைத்துப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். 'ஏ' என்பது எஞ்ஜின் குடும்பம். 4 என்பது அந்தக் குடும்பத்தில் அதன் இலக்கம். 'ஜீ' என்றால் வேகத்துக்காகச் செய்த ட்வின் கேம் ஹெட். கடைசி 'ஈ' என்றால் காபரேட்டர் இல்லை, கணினி பார்த்துப் பெற்றோலை விசிறும். 1587 சீசீ. சிலிண்டரின் விட்டம் 81 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 77 மில்லிமீற்றர். விட்டம் கூடி ஓட்டம் குறைந்த இப்படியான எஞ்ஜின் உயர்ந்த சுற்றுக்குச் சந்தோஷமாக ஏறும். காற்று வரும் வால்வுகளுக்கு ஒரு கேம்ஷாப்ட், புகை போகும் வால்வுகளுக்கு இன்னொன்று. சிலிண்டருக்கு நாலாக மொத்தம் 16 வால்வு. ஹெட்டை வடிவமைத்ததில் யமஹாவுக்கும் பங்கு உண்டு.

இந்த எஞ்ஜின் முதலில் வந்தது 1983இல், ஏ.ஈ.86 காரில். 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டோஃபு விநியோகிக்கிற பையன் மலைப்பாதையில் எல்லாரையும் முந்திப் போவானே, அந்தக் கார்தான். நானும் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். ஆனால் அந்தக் கதையில் காரை அந்த மலைக்கு ஏற்ற மாதிரிச் செய்து வைத்தது பையன் இல்லை, அவனுடைய வாப்பா என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

என்னுடைய வாப்பா சவூதியில் உழைத்த காசில் இந்தக் காரை வாங்கினார். நான் பிறப்பதற்கு முன்பு. ட்வின் கேம் என்று தெரிந்து வாங்கவில்லை, நிறம் பிடித்து வாங்கினாராம். உம்மா சொல்லிச் சிரிப்பா.

*

2022 ஜூன் ஞாபகம் இருக்கும். பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. அதுவும் இல்லை. பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் மூன்று நாள் கியூ. பல்கலைக்கழகம் ஒழுங்காக நடக்கவில்லை. மின்வெட்டு வேறு. கார் வாசலில் தகரக் கொட்டிலுக்குக் கீழே சும்மா நின்றது. நானும் சும்மா நின்றேன். சும்மா நிற்கிற பொடியனும் சும்மா நிற்கிற எஞ்ஜினும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும்? யூடியூப் பார்த்து மொடிபிகேஷன் தொடங்கினேன்.

முதலில் எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு மாதிரியான திறந்த ஃபில்டர் ஒன்றைப் பூட்டினேன். சத்தம் அருமையாக வந்தது. வேகம் கூடிவிட்டது என்று காது சொன்னது. உண்மையில், குளிர்ந்த வெளிக்காற்றை எடுத்துக்கொண்டிருந்த எஞ்ஜினுக்கு, பொனட்டுக்குள் சுட்டுக் கிடக்கிற காற்றைக் குடிக்கக் கொடுத்திருந்தேன்.

அடுத்தது டீ-விஸ். அந்தக் கால 4ஏ-ஜீஈயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழி உண்டு. மெதுவாக ஓடும்போது ஒரு வழியைச் சின்னத் தட்டு ஒன்று மூடி வைத்திருக்கும். மற்ற வழியால் காற்று நெருக்கிக்கொண்டு வேகமாகப் போகும், பெற்றோலோடு நன்றாகக் கலக்கும். 4,000 சுற்றுக்கு மேலே போனால்தான் இரண்டாவது வழி திறக்கும். "அந்தத் தட்டுகள் காற்றை மறிக்குது, கழற்றி எறி" என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கழற்றினேன். 7,000 சுற்றில் ரேஸ் ஓடுகிறவனுக்கு அது சரியாக இருக்கலாம். கல்முனைச் சந்தியில் முச்சக்கரவண்டிக்குப் பின்னால் ரெண்டாம் கியரில் ஊர்கிறவனுக்கு, இழுவை குறைந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்பே ப்ளக்கில் பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதைத்தான் டைமிங் என்கிறோம். இந்த எஞ்ஜினுக்குக் கம்பனி சொன்னது 10 டிகிரி. டயக்னோஸ்டிக் பெட்டியில் இரண்டு முனைகளை வயரால் இணைத்துவிட்டு, டைமிங் லைட் அடித்துப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகக் கிறுக்கி வைக்க வேண்டும். நான் 16இல் வைத்தேன். பொறி முந்தி விழுந்தால் கொஞ்சம் துடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் மட்டமான பெற்றோலும், சுட்ட காற்றும், ஏற்றமும் சேர்ந்தால், சுவாலை வந்து சேர முன்பே மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும். அந்தப் பேணிக்கல் சத்தம் அதுதான். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிக்கிற சத்தம்.

கடைசியாகச் செய்ததுதான் பெரிய பிழை. தெர்மோஸ்டட்டைக் கழற்றினேன். "நம்மட நாட்டு வெயிலுக்கு என்னத்துக்குடா தெர்மோஸ்டட்?" என்று கூட்டாளி ஒருவன் கேட்டான். எனக்கும் நியாயமாகப் பட்டது. தண்ணீர் போகும் வழியில் ஒரு கதவு. கதவை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாகப் போகும்தானே?

போகாது. இந்த எஞ்ஜினில் தெர்மோஸ்டட்டுக்கு இரண்டு வேலை. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிச் சுடும்போது ரேடியேட்டர் வழியைத் திறக்கும். அதே நேரம், ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்ஜினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்கு வழியை மூடும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைக் காணாமலே திரும்பிவரும். தரையில் ஓடும்போது தெரியாது. எஞ்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து கிடக்கும், கணினியும் "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துப் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த காலத்தில் நான் செய்த புண்ணியம் அது. பாரத்தோடு ஏறும்போதுதான் அதன் உண்மை முகம் தெரியும். பதினெட்டு வளைவில் எனக்குத் தெரிந்தது.

*

லொறியில் ஏற்றிக் காரை ஊருக்குக் கொண்டுவந்த மறுநாளே ஒருவர் வந்தார். 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்று போனதால் பழைய கார்களுக்கு நெருப்பு விலை. எஞ்ஜின் போன காருக்கே அவர் சொன்ன தொகை, வாப்பா வாங்கிய விலையைவிடப் பல மடங்கு. "வேற எஞ்ஜின் போட்டு ஓடலாம்" என்றார். வாப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு" என்றார். அவ்வளவுதான். பேசியிருந்தால் பரவாயில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் இன்னும் நல்லது.

அன்று பின்னேரம் உம்மா குசினியில் இருந்தபடியே கேட்டா, "கொப்பியப் பாத்தியா?"

"என்ன கொப்பி?"

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துத் தந்தா. ஒயில் பிடித்த விரலடையாளங்கள். முதல் பக்கத்தில் வாப்பாவின் கையெழுத்து.

"2004.12.31. ஸ்டார்ட் பண்ணவில்லை. பெட்டரி கழற்றியது. ப்ளக் 4ம் கழற்றியது. 2, 3இல் கடல்தண்ணி."

டிசம்பர் 26 முடிந்து ஐந்தாம் நாள்.

எனக்கு அப்போது நாலு வயது. சுனாமி எங்களுடைய கரையில் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் எழுதிக்காட்டத் தேவையில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று வரிசையாக அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். எங்கள் வீட்டில் இரண்டு சுவர் மிஞ்சியது. கார் ஒரு சுவரில் சாய்ந்து, பொனட்டுக்கு மேலே சேறு ஏறிக் கிடந்ததாம். உம்மாவின் உம்மா, என்னுடைய மூத்தம்மா, கிடைக்கவே இல்லை. கார் மூழ்கியது எனக்குத் தெரியும். இந்தக் கொப்பி தெரியாது.

பக்கங்களைத் திருப்பினேன்.

"2005.01.02. கிணற்றுத் தண்ணி சரிவராது, கிணறும் உப்பு. சம்மாந்துறைப் பக்கம் வாய்க்கால் தண்ணி 2 பரல். உள்ளும் வெளியும் கழுவியது."

"01.03. ஒயில் இறக்கியது. சிலிண்டருக்குள் டீசல். கையால் 2 சுற்று."

"01.04. கையால் 2 சுற்று."

"01.05. கையால் 2 சுற்று."

இப்படியே போகிறது. கடல்நீர் போன எஞ்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்கிற வேலை. அதுதான் அதைக் கொல்கிற வேலையும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ரொட் வளையும். அதனால் ப்ளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால்தான் சுற்ற வேண்டும். உப்பு அலுமினியத்தைத் தின்னத் தொடங்க முன்பு நன்னீரால் கழுவ வேண்டும். மோதிரங்கள் சிலிண்டரோடு ஒட்டிவிடாமல் எண்ணெய்ப் பிடிப்பில் வைத்திருக்க வேண்டும். வாப்பாவுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்களோ தெரியாது. மெக்கானிக் படிப்பு ஒன்றும் படித்தவரில்லை.

டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த கணினிப் பெட்டி உப்பில் செத்துப்போயிருந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று தேடி எடுத்திருக்கிறார். வயர்களை ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார். மார்ச் மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு சொல்: "ஸ்டார்ட்."

உம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னா. "காலையில உம்மாவத் தேடிப் போவார். ஆஸ்பத்திரி, பள்ளி, முகாம், எல்லா இடமும். அசருக்குத்தான் வருவார். வந்து சோறும் தின்னாம அந்தக் காருக்குள்ள தலையப் போட்டுக்கொண்டு நிப்பார். எனக்கு அப்ப கோவம் கோவமா வரும். மறுகாதான் விளங்கிச்சி. தேடித் தர ஏலாமப் போன மனுசன், எதையாவது ஒண்டத் திருப்பிக் கொண்டுவரப் பாத்திருக்கார்."

கொப்பியில் மூத்தம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு வரிகூட இல்லை. "கையால் 2 சுற்று" மட்டும் முப்பது, நாற்பது தடவை இருக்கிறது.

*

அன்று இரவு முழுக் கொப்பியையும் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டில் மொடிபிகேஷன் செய்த முதல் ஆள் நானில்லை.

வாப்பா டைமிங்கை 10இல் வைக்கவில்லை. "டைமிங் 8. 10 சரிவராது. பெற்றோல் 90, வெயில், ஏற்றம்." அப்போது இங்கே விற்ற சாதாரண பெற்றோல் 90 ஒக்டேன், பிறகுதான் 92 வந்தது. நான் தொட்ட அதே போல்ட்டை அவரும் தொட்டிருக்கிறார், ஆனால் மற்றப் பக்கமாகக் கிறுக்கியிருக்கிறார். ஹெட்டிலிருந்து பொடிக்குத் தடித்த ஏர்த் வயர் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார். எனக்கு அது ஏனென்று தெரியாமல், அசிங்கமாக இருக்கிறதென்று ஜூனில் கழற்றிவிட்டேன். காரணம் கொப்பியில் இருந்தது: "உப்புக் காற்று. ஏர்த் போனால் எல்லாம் போகும்."

வால்வ் இடைவெளிக்கு 16 கட்டம் போட்ட அட்டவணை. எஞ்ஜின் ஆறியிருக்கும்போது காற்று வால்வுகளுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர், புகை வால்வுகளுக்கு 0.20 முதல் 0.30 இருக்க வேண்டும். இந்த எஞ்ஜினில் அதை ஸ்குரூ திருப்பிச் சரிசெய்ய முடியாது. கேமுக்குக் கீழே நாணயம் மாதிரி ஒரு ஷிம் இருக்கும். இடைவெளி பிழைத்தால் வேறு தடிப்புள்ள ஷிம் வைக்க வேண்டும். ஒரு ஷிம்முக்காகக் கொழும்புக்குப் போக முடியாத காலத்தில், கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, ஒயில் விட்டு, கையால் தேய்த்துத் தடிப்பைக் குறைத்திருக்கிறார். அதற்குக் கீழே ஒரு குறிப்பு: "சத்தம் போடும் வால்வ் பயமில்லை. சத்தம் போடாததைத்தான் பார்க்க வேணும்." இடைவெளி கூடினால் டிக்டிக் என்று கேட்கும், எவருக்கும் தெரியும். இடைவெளி இல்லாமல் போனால் சத்தமே வராது. வால்வ் முழுதாக மூடாமல் சூட்டில் மெதுவாக எரிந்துகொண்டிருக்கும்.

2009ஆம் ஆண்டுப் பக்கத்தில், சிவப்புப் பேனையால்: "தெர்மோஸ்டட் கழற்றக் கூடாது. யார் சொன்னாலும்."

யார் சொன்னாலும். அந்த 'யார்' என்னுடைய கூட்டாளிதான் என்று அந்த இரவில் எனக்குத் தோன்றியது.

மொடிபிகேஷன் கெட்ட வேலை என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஜப்பானில் செய்த எஞ்ஜின் ஜப்பானின் காற்றையும் பெற்றோலையும் நினைத்துச் செய்தது. அதை உப்புக்காற்றடிக்கிற ஒரு கடற்கரையில் வைத்து முப்பது வருடம் ஓட்ட வேண்டுமென்றால் மாற்றத்தான் வேண்டும். வாப்பா மாற்றினார், இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி. நான் மாற்றியது யாரோ ஒருவருடைய வீடியோவில் வந்த ஊருக்கு ஏற்ற மாதிரி. எங்கள் இரண்டு பேரின் கையிலும் இருந்தது அதே ஸ்பானர்தான்.

*

கார் விற்பதில்லை என்று காலையில் சொன்னேன். வாப்பா தலையை ஆட்டினார்.

நிந்தவூரில் ஒரு பாஸிடம் கொண்டுபோனோம். எனக்குக் கூலியில்லாத வேலை, காலையிலிருந்து மஃரிப் வரைக்கும். ஹெட்டைத் தூக்கினால் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கெஸ்கட் கருகியிருந்தது. மூன்றாவது பிஸ்டனின் விளிம்பு எலி அரித்த மாதிரி. நேர்ச்சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜைச் சொருகிப் பார்த்தோம். ஹெட் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. எங்களுடையது 0.12. மட்டக்களப்பில் கொடுத்து ஃபேஸ் பண்ணினோம். பிஸ்டனும் மோதிரங்களும் கெஸ்கட்டும் பஞ்சிகாவத்தையிலிருந்து வர ஏழு கிழமை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், வந்ததே பெரிய காரியம்.

ஹெட் போல்ட் பத்தையும் நான்தான் இறுக்கினேன். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். முதலில் டோர்க் ரென்ச்சில் 29 நியூட்டன் மீற்றர். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து, 90 டிகிரி. இன்னொரு முறை 90 டிகிரி. எல்லாப் புள்ளிகளும் எதிர்ப்பக்கம் பார்த்தால் வேலை முடிந்தது. பாஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு புள்ளியாக எண்ணினார்.

கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டிருந்த டீ-விஸ் தட்டுகள் திரும்பப் போயின. எயார் ஃபில்டர் பெட்டி போனது. ஏர்த் வயர் போனது. புதுத் தெர்மோஸ்டட் போனது. கிணற்றுத் தண்ணீர் இல்லாமல், காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் ஊற்றினோம். முன்பு லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் கூட ஓடாத கார் இப்போது பன்னிரண்டு ஓடுகிறது. நான் புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று: டேஷ்போர்டில் இலக்கம் காட்டும் வெப்பமானி. டொயோட்டாவின் முள் நடுவிலேயே சும்மா நிற்கும், அது ஏறும்போது காரியம் கைமீறியிருக்கும். இலக்கம் அப்படியில்லை, ஒவ்வொரு டிகிரியாகச் சொல்லும்.

வேலை முடிந்த இரவு கொப்பியை எடுத்தேன். வாப்பாவின் கடைசிக் குறிப்புக்குக் கீழே என்னுடைய கோழிக்கிறுக்கலில் எழுதினேன்: "2022 செப்டெம்பர், பதினெட்டு வளைவு. டைமிங் 16இல் இருந்தது. நான்தான் கிறுக்கினது. கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன்." கொப்பியை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தேன். நித்திரை வரவில்லை.

காலையில் கொப்பி மேசையில் கிடந்தது. என்னுடைய வரிக்குக் கீழே வாப்பாவின் கையெழுத்து. இரண்டே சொல்.

"தெர்மோஸ்டட்டையும் எழுது."

*

போன மாதம் திரும்பவும் கண்டிக்குப் போனோம், வருடாந்தக் காட்டலுக்கு. ஹசலக்க தாண்டியதும் நான் ரேடியோவை நிறுத்தினேன். வாப்பா கண்ணை மூடியிருந்தார், ஆனால் நித்திரையில்லை. அவர் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். மூன்றாவது வளைவு. ஒன்றுமில்லை. ஒன்பதாவது. இலக்கம் 88, 89, திரும்பவும் 88. பத்தாவதில் கார் நின்ற இடத்தை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தினையில வெச்சிரிக்காய்?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பத்து, வாப்பா."

"எட்டில்லையா?"

"இப்ப பெற்றோல் 92தானே. பத்து தாங்கும். ஏத்தத்துல பாத்திட்டுத்தான் வெச்ச."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. எஞ்ஜின் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் கியர், நாலாயிரத்துக்கு மேலே, டீ-விஸ் திறக்கும்போது அந்த ஹெட் தொண்டையைத் திறந்து பாடும் ஒரு சத்தம் இருக்கிறது. பதினெட்டாவது வளைவைத் தாண்டி, குளிர்காற்று ஜன்னலால் உள்ளே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப கொப்பியில எழுதி வை. எனக்குப் பொறகு வாறவனுக்குத் தெரியணும்."